பௌதிக மேதை கே. எஸ். கிருஷ்ணன்

பௌதிகம் பயில்வோர் யாவரும் ஒரே வாயிலின் வழியாகவே அக்கலைக்குள் நுழைகின்றனர். அளவுகோலால் நீளம் அளத்தல், தராசில் எடை பார்த்தல், நூலில் கட்டிய குண்டின் ஊசலாட்டத்தை எண்ணுதல், முப்பட்டைக் கண்ணாடியின் வழியே வெயிலைப் பிரித்து வியத்தல் ஆகியனவே முதற் பாடங்கள். பின்னர்க் கணிதம் துணைக்கு வருகிறது. வெப்பம், ஒளி, காந்தம், மின்சாரம் எனத் துறைகள் விரிகின்றன. அவற்றிற்கும் அப்பால் அணுவின் உள்ளமைப்பும் குவாண்டம் கொள்கையும் காத்திருக்கின்றன. மேலே ஏற ஏற, கீழே விட்டுவந்த முதற் படிகளைச் சிறுபிள்ளை விளையாட்டென்று கருதி மறந்துவிடுவோர் பலர். அவ்வாறு மறவாமல், ஒரு நூலையும் ஒரு கற்றை வெயிலையும் ஒரு சூடேறிய கம்பியையும் கொண்டே உலகம் போற்றும் ஆராய்ச்சிகளை நிகழ்த்திய தமிழர் ஒருவர் உண்டு. அவரே டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்.

தலைநகரில் வாழும் நமக்கு அப்பெயர் புதியதன்று. பூசா வட்டாரத்தில் தேசியப் பௌதிக ஆய்வகம் அமைந்துள்ள சாலைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அச்சாலையின் பெயர்ப் பலகையை நம்மவர் பலர் கண்டிருக்கக் கூடும். அப்பெயருக்குப் பின்னே உள்ள வாழ்க்கையை அறிந்தோர் அத்தனை பேர் இருப்பரோ என்பது ஐயமே. ஆண்டுவிழா மலரில் அவ்வரலாற்றை ஒருமுறை நினைந்து பார்ப்பது நம் கடமையும் ஆகும், நமக்கு இன்பமும் ஆகும்.

இளமையும் கல்வியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் நிலபுலமும் நூலறிவும் ஒருங்கே உடையவர். வீட்டிலேயே தமிழ், வடமொழி நூல்களின் சுவை குழந்தைப் பருவம் முதல் கிருஷ்ணனுக்கு வாய்த்தது. அச்சுவை இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

ஸ்ரீவில்லிப்புத்தூரில் உயர்நிலைக் கல்வி பயின்றார். அந்நாளைய உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பெரிய ஆய்வுக்கூடத்தை எதிர்பார்க்க இயலாது. ஆனால் நல்லாசிரியர் ஒருவர் இருந்தார். தமக்கு விஞ்ஞானத்தில் ஆவலை மூட்டியவர் பள்ளியில் அதனைக் கற்பித்த ஆசிரியரே என்பதை, உலகப் புகழ் பெற்ற பின்னரும் கிருஷ்ணன் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பல்கலைக் கழகங்களும் ஆராய்ச்சிச் சங்கங்களும் பின்னாளில் அவருக்கு அளித்தவை பல. எனினும் வித்து ஊன்றப்பட்டது ஸ்ரீவில்லிப்புத்தூரிலேதான்.

பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று பௌதிகத்தில் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றது பௌதிகத்தில். கிடைத்த பணியோ அதே கிறிஸ்தவக் கல்லூரியின் ரசாயனப் பகுதியில், மாணவர்க்குச் செய்முறை காட்டும் பணி. இளைஞர் சிலர் இதனை ஓர் ஏமாற்றமாகக் கொண்டிருப்பர். கிருஷ்ணனோ அதனையும் ஒரு வாய்ப்பாக்கினார். நண்பகல் உணவு வேளையில் ஒரு கூட்டம் நடத்தத் தொடங்கினார். பௌதிகமோ ரசாயனமோ கணிதமோ, எத்துறையிலும் எவரும் எவ்வினாவும் கேட்கலாம். கூடியிருந்து ஆராய்ந்து விடை காணலாம். தேர்வுக்கும் இக்கூட்டத்திற்கும் தொடர்பில்லை. ஆயினும் செய்தி பரவி, அயற்கல்லூரி மாணவரும் வந்து குழுமினர். தாம் அறிந்ததைப் பிறர்க்குத் தெளிவுபடச் சொல்லும்போதுதான் தம் அறிவே தெளிவடைகிறது என்னும் உண்மையை அவர் இருபது வயதளவிலேயே கண்டுகொண்டார் எனலாம்.

கல்கத்தாவும் புதிய ஒளியும்

அக்காலத்தில் பௌதிக ஆராய்ச்சியில் நாட்டமுடைய தென்னாட்டு இளைஞர்களை ஒரு பெயர் காந்தம்போல் கவர்ந்தது. அது கல்கத்தாவிலிருந்த பேராசிரியர் சி. வி. ராமனின் பெயர். 1920இல் கிருஷ்ணனும் கல்கத்தாவுக்குப் பயணமானார். முதலில் பல்கலைக் கழக விஞ்ஞானக் கல்லூரியில் பயின்றார். 1923 முதல், பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ராமனுக்கு ஆராய்ச்சித் துணைவரானார்.

திரவங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதே அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சிகளுள் தலையாயது. ஒரு கண்ணாடிக் குடுவையில் தூய நீரை நிரப்பி அதனூடே ஒளிக்கற்றை ஒன்றைச் செலுத்தினால், பக்கவாட்டில் நின்று காண்போர்க்கும் அக்கற்றை மங்கலாகத் தெரியும். நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிறிதளவு நாற்புறமும் சிதறடிப்பதே காரணம். உள்ளே சென்ற ஒளி எந்நிறமோ, சிதறிய ஒளியும் அந்நிறமே என்பது அந்நாளைய நூல்களின் முடிபு. ஆயின் கழகத்தில் ஆராய்ந்தோர் கண்ணுக்கு வேறொன்றும் புலப்பட்டது. சிதறிய ஒளியோடு நிறம் மாறிய மிக மெல்லிய மினுக்கம் ஒன்றும் கலந்து வந்தது. 1923இல் கே. ஆர். ராமநாதன் அதனை நீரிலே கண்டார். 1925இல் கிருஷ்ணன் வேறு சில திரவங்களிலும் கண்டார். திரவத்தில் கலந்துள்ள மாசு ஒளிர்வதால் விளைவதே இது என எண்ணி அப்போது விட்டுவிட்டனர்.

1928ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் கிருஷ்ணன் கணிதக் கொள்கைகளில் ஆழ்ந்திருந்தார். ராமனோ, ஏட்டுக் கணக்கை விடுத்துச் சோதனைக்குத் திரும்புமாறு அவரைத் தூண்டினார். அன்றுதொட்டு அம்மாதம் முழுதும் நடந்தவற்றைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். அக்குறிப்பே இன்று நமக்கு அந்நாட்களின் சான்றாக நிற்கிறது.

கருவிகளோ மிக எளியவை. விளக்குக்கு மாற்றாகச் சூரியனே இருந்தது. 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லை ஒன்று வெயிலைக் குவித்தது. அவ்வெயிலின் வழியில் நீல ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று வைக்கப்பட்டது. அடுத்து, நன்கு காய்ச்சி வடித்துத் தூய்மைப்படுத்திய திரவம். காண்போரின் கண்ணுக்கு முன்னே, அந்நீல ஊதாவை முற்றிலும் தடுத்துப் பிற நிறங்களை மட்டும் விடும் மற்றொரு வடிகட்டி. பழைய நூல்கள் கூறியதே உண்மையாயின், இரண்டாம் வடிகட்டிக்கு அப்பால் இருளே தோன்ற வேண்டும். ஆனால் அங்கே ஒளி தெரிந்தது! நீலமாய்ச் சென்ற ஒளியின் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? ஒன்றன்பின் ஒன்றாகத் திரவங்கள் பலவற்றைக் கிருஷ்ணன் சோதித்தார், யாவற்றிலும் அதுவே. சிதறிய அவ்வொளி ஒரு தளத்தில் அதிர்வதாகவும் இருந்தது. மாசினால் எழும் ஒளிர்வு அவ்வாறு இராது. எனவே இது புதியதொரு விளைவு என்பது உறுதியாயிற்று.

ஒளி மூலக்கூறின்மீது படும்போது, அதன் ஆற்றலில் ஒரு சிறு பகுதியை மூலக்கூறு தன் உள்ளதிர்வுக்கு எடுத்துக் கொள்கிறது. ஆற்றல் குறைந்த ஒளி நிறம் மாறி வெளிப்படுகிறது. நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால், மூலக்கூறு எவ்வாறு அதிர்கிறது என்பதை அறியலாம். பிப்ரவரி 16ஆம் தேதியிட்டு, ராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் தாங்கிய சிறு கட்டுரை இங்கிலாந்தின் நேச்சர் இதழுக்குச் சென்றது. பிப்ரவரி 28இல் நிறமாலை காட்டியின் வழியே நோக்கியபோது, பழைய நிறமும் புதிய நிறமும் தனித்தனியே பிரிந்து தோன்றின. அந்நாளே இன்று நாடெங்கும் தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1930இல் ராமனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உலகம் அவ்விளைவை ராமன் விளைவு என்றே அழைத்தது. முதற் கட்டுரையில் உடன் நின்ற பெயர் பரிசில் உடன் வரவில்லை. இதன் நியாயத்தைப் பற்றி விஞ்ஞான வரலாறு எழுதுவோர் இன்றளவும் கருத்து வேறுபட்டே உள்ளனர். பலவாண்டுகளாகக் குருவின் மனத்தில் உருவாகி வந்த ஆராய்ச்சி அது என்பார் ஒரு சாரார். நாள்தோறும் கண்ணுற்றுச் சோதித்த சீடருக்கும் பங்குண்டு என்பார் மற்றொரு சாரார். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. பரிசு கிட்டாத நிலையில் கிருஷ்ணன் என் செய்தார் என்பதே நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. அவர் வேறொரு துறையைப் புதிதாகத் தொடங்கினார்.

நூலில் தொங்கிய படிகம்

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக் கழகத்தில் பௌதிகத் துணைப் பேராசிரியரானார். ஐன்ஸ்டைனுக்குத் தம் கட்டுரையை அனுப்பி 1924இல் உலகை வியக்கவைத்த சத்தியேந்திர நாத் போஸ் அங்கே இருந்தார். வளமிகு கருவிகள் இல்லாத அவ்விடத்தில் கிருஷ்ணன் படிகங்களின் காந்தத் தன்மையை ஆராயத் தொடங்கினார்.

உப்பு, கற்கண்டு போன்றவற்றின் ஒழுங்கான கட்டிகளைப் படிகம் என்கிறோம். காந்தப் புலத்தில் வைத்தால், பல படிகங்கள் ஒரு திசையில் ஒரு விதமாகவும் மற்றொரு திசையில் வேறு விதமாகவும் நடந்து கொள்கின்றன. அவ்வேறுபாடு மிக நுண்ணியது. அதனை அளப்பதெப்படி? ஊஞ்சற் கயிற்றை முறுக்கிவிட்டு விளையாடும் சிறுவரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கிருஷ்ணனின் முறையும் ஏறத்தாழ அத்தகையதே. மயிரிழையினும் மெல்லிய படிகக்கல் இழையொன்றில் சிறு படிகத்தைக் கட்டி, காந்த முனைகளின் இடையே தொங்கவிட்டார். படிகம் தனக்கு உகந்த திசையில் நிலைத்து நிற்கும். இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கினால், காந்தத்தின் பிடியிலுள்ள படிகம் எளிதில் இணங்காமல் சிறிது சிறிதாகவே திரும்பும். முறுக்கு ஓர் எல்லையை எட்டியதும், பிடி தளர்ந்து படிகம் சட்டெனச் சுழன்றுவிடும். எத்தனை பாகை முறுக்கியபோது அது சுழன்றது என்ற ஒரே கணக்கிலிருந்து, படிகத்தின் காந்த வேறுபாட்டை அறிந்து கொள்ளலாம்.

இதனால் என்ன பயன்? பென்சீன் போன்ற பொருள்களின் மூலக்கூறு தட்டையானது. தட்டுக்குக் குறுக்கே ஒரு காந்தத் தன்மையும், தட்டின் வழியே வேறொரு காந்தத் தன்மையும் அதற்குண்டு. ஆகவே முழுப் படிகத்தின் வேறுபாட்டை அளந்தால், உள்ளே அத்தட்டுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கண்ணால் காணாமலே கூறிவிடலாம்! எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆராய்ந்த இங்கிலாந்தின் காத்லீன் லான்ஸ்டேல் அம்மையார் இம்முறையின் அருமையை உணர்ந்து, கிருஷ்ணனோடு இணைந்து 1936இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்.

1933இல் ராமன் பெங்களூர் சென்றார். அவ்வாண்டே கிருஷ்ணன் கல்கத்தாக் கழகத்திற்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பி வந்தார். பென்சிலில் நாம் பயன்படுத்தும் கரியாகிய கிராபைட்டைப் பற்றி அங்கே அவர் நிகழ்த்திய ஆராய்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை. கிராபைட் என்பது ஏடு மேல் ஏடாக அடுக்கிய சுவடி போன்றது. ஏட்டின் வழியே மின்சாரம் எளிதில் ஓடும். ஏட்டுக்கு ஏடு தாவுவது அரிது. அதன் காந்தத் தன்மையும் திசைக்குத் திசை பெரிதும் மாறுகிறது. அவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஏட்டினுள் உலவும் எலெக்ட்ரான்களே என்பதைக் கிருஷ்ணனும் அவர் மாணவரும் ஆராய்ந்தனர்.

1937இல் ரூதர்போர்டு பிரபு முதலியோரின் அழைப்பின் பேரில் கிருஷ்ணன் ஐரோப்பா சென்று, கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் சொற்பொழிவாற்றினார். பெல்ஜிய நாட்டு லியேஜ் பல்கலைக் கழகம் பதக்கம் வழங்கியது. உலோகங்களின் எலெக்ட்ரான்களைக் கடுங்குளிரில் ஆராய்ந்து வந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் டேவிட் ஷோன்பர்க், படிகத்தை இழையில் தொங்கவிடும் முறையின் நலத்தைக் கிருஷ்ணனிடமிருந்தே தாம் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் பதிந்துள்ளார். 1940இல் லண்டன் ராயல் சங்கம் கிருஷ்ணனைத் தன் உறுப்பினராக்கியது.

அலகாபாத்தும் டில்லியும்

1942இல் அலகாபாத் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். ஒரு காலத்தில் மேகநாத் சாஹா அமர்ந்திருந்த பீடம் அது. அங்கே கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட வினா, உருகிய உலோகத்தில் மின்தடை எவ்வாறு எழுகிறது என்பது. திட உலோகத்தில் அணுக்கள் படையணிபோல் ஒழுங்காக நிற்கின்றன. உருகினால் அவ்வொழுங்கு குலைகிறது. குலைந்த அணுக்களின் கூட்டத்தில் எலெக்ட்ரான் அலைகள் சிதறுவதே தடைக்குக் காரணம் எனக் கொண்டு, அவரும் அவத் பிகாரி பாட்டியாவும் கணக்கிட்டனர். இச்சிந்தனையின் வேர் எங்கே உள்ளது எனத் தேடினால், பௌபஜார் தெருவில் திரவக் குடுவையில் சிதறிய வெயிலுக்கே நாம் திரும்பவேண்டும். இளமையில் ஒளி அலைகளிடம் கற்ற பாடத்தை நடுவயதில் எலெக்ட்ரான் அலைகளுக்குப் பொருத்தினார். ஜான் ஸைமன் 1961இல் உருகிய உலோகங்களுக்கு வகுத்த புகழ்பெற்ற கொள்கைக்கு இவ்வாராய்ச்சி முன்னோடியாகக் கருதப்படுகிறது.

நாடு விடுதலை பெறும் தறுவாயில், 1947 ஜனவரி 4ஆம் நாள், பண்டித நேரு டில்லியில் தேசியப் பௌதிக ஆய்வகத்திற்கு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநர் பொறுப்பு கிருஷ்ணனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1950 ஜனவரி 21ஆம் நாள் சர்தார் படேல் அதனைத் திறந்து வைத்தார். அன்று முதல் இறுதி மூச்சு வரை கிருஷ்ணனின் வாழ்வு இத்தலைநகரிலேயே கழிந்தது.

ஆய்வகத்தின் தலையாய பணி எது தெரியுமா? அளவைகளைக் காத்தல்! மெட்ரிக் அளவைகளை ஏற்கும் சட்டம் 1956இல் நிறைவேறியது. மீட்டருக்கும் கிலோகிராமுக்கும் நாட்டின் மூல அளவுகள் இவ்வாய்வகத்தின் பொறுப்பில் உள்ளன. இந்திய நேரத்தை இமைப்பொழுதும் வழுவாது கணித்துத் தருவதும் அதுவே. பள்ளியில் அளவுகோலும் தராசும் கொண்டு பௌதிகம் தொடங்கிய சிறுவர், நாட்டின் அளவுகோலுக்கும் தராசுக்குமே காவலரானார்.

ஆட்சிப் பொறுப்புகள் அவரை நாற்புறமும் சூழ்ந்தன. அணுசக்திக் குழுவில் 1948இல் தொடக்கம் முதலே உறுப்பினராயிருந்தார். 1949இல் அலகாபாத்தில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். கோப்புகளின் குவியலுக்கிடையேயும் ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. வெற்றிடத்தில் மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றிய கம்பியில் வெப்பநிலை எவ்விடத்தில் எவ்வளவு என்பதை, எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து 1950களில் நுட்பமாக ஆராய்ந்தார். மின்விளக்கு எரியும் வீட்டிலெல்லாம் அன்று அத்தகைய கம்பி இருந்தது. அதன் நடுப்பகுதி தகதகக்க, தாங்கிகளை ஒட்டிய முனைகள் குளிர்ந்திருப்பதைப் பார்த்தவர் பலர். அதிலும் ஆராயத் தக்கது உண்டெனக் கண்டவர் சிலரே.

தமிழ்த் தொண்டு

வங்கத்திலும் வடநாட்டிலும் நாற்பதாண்டுகள் வாழ்ந்தும் கிருஷ்ணன் தமிழை மறந்தாரில்லை. வடமொழியிலும் தமிழிலும் இலக்கியங்களைத் தோய்ந்து கற்றவர். தாய்மொழியில் விஞ்ஞானம் கூற முடியும் என்பதை வாதத்தால் மட்டுமன்றிச் செயலாலும் காட்டும் வகையில், தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகளை எழுதினார். உயர் ஆராய்ச்சியின் உச்சியில் நின்றவர் எளிய தமிழில் எழுத முன்வந்தது, சென்னைக் கல்லூரியில் உணவு வேளையில் வினாக்களுக்கு விடை கூறிய அந்த இளைஞர் இறுதிவரை மாறவில்லை என்பதையே காட்டுகிறது.

1946இல் சர் பட்டமும், 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் பட்நாகர் பரிசின் முதற் பேறும் அவரை நாடி வந்தன. தேசியப் பேராசிரியராகவும் சிறப்பிக்கப் பெற்றார். பெரிய விஞ்ஞானி என்பதைவிட முழுமை பெற்ற மனிதர் என்பதே அவருடைய சிறப்பென நேரு பாராட்டினார். 1961 ஜூன் மாதத்தில் டில்லியில் கிருஷ்ணன் காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

மறைந்த பின்னும் வளரும் ஆராய்ச்சி

கிராபைட்டின் ஏடுகளுள் ஒன்றே ஒன்றை மட்டும் தனியே உரித்தெடுக்க முடியும் என்பது 2004இல் காட்டப்பட்டது. ஓரணு கனமேயுள்ள அவ்வேட்டிற்குக் கிராபீன் என்று பெயர். அதற்காக 2010இல் நோபெல் பரிசும் வழங்கப்பட்டது. கையிலுள்ள துணுக்கில் ஏடு ஒன்றா, இரண்டா, பலவா என்று அறிவதற்கு இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கையாளும் வழக்கமான வழி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி ராமன் விளைவை நோக்குவதேயாகும். கல்கத்தாவில் கிருஷ்ணன் கைதொட்ட இரு வேலைகள், சிதறிய ஒளியும் கிராபைட்டின் ஏடும், அவர் காலத்திற்குப் பின்னர் ஒன்றோடொன்று இவ்வாறு கைகோத்தன. 2021இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய ஊர்தியும் அவ்விளைவைக் கொண்டே அங்குள்ள பாறைகளை ஆராய்கிறது.

தராசின் கதையும் அத்தகையதே. 2019 மே 20 முதல், கிலோகிராம் என்பது உலோகக் கட்டியொன்றின் எடையாக இல்லை. குவாண்டம் கொள்கையின் அடிப்படையாகிய பிளாங்க் மாறிலியைக் கொண்டு அது வரையறுக்கப்படுகிறது. பௌதிகத்தின் முதற்பாடம் அதன் இறுதிப்பாடத்தின்மீது நிற்கிறது! தொடக்கத்தையும் எல்லையையும் இருவேறு உலகங்களாகப் பிரிப்பது எத்துணைப் பிழை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

நுழைவுத் தேர்வுகளின் பொருட்டுச் சூத்திரங்களை மனனம் செய்யும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விழைவது இதுவே. சூத்திரத்தைக் கற்க, வேண்டாமென்று கூறவில்லை. அதனோடு ஒரு நூலில் ஒரு குண்டைக் கட்டி ஊசலாட்டியும் பார்க்க. கற்றதைத் தம்பி தங்கையர்க்கு, இயலுமாயின் தமிழிலே, விளங்கச் சொல்லிப் பார்க்க. சொல்ல வரவில்லையாயின், இன்னும் கற்கவில்லை என்று அறிக. பெற்றோரும், பிள்ளைகள் கேட்கும் வினா பாடத்தில் உள்ளதா என்று பாராது, உடனிருந்து விடை தேடுக. பரிசும் பட்டமும் வரலாம், வராதும் போகலாம். தெளிவாக அறிந்ததன் இன்பத்தை எவரும் பறித்துக் கொள்ள இயலாது. வத்திராயிருப்பில் பிறந்து, வங்கத்தில் வளர்ந்து, டில்லியில் நிறைந்த அப்பெருந்தகையின் வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற செல்வம் அதுவே. அதனைப் போற்றிக் காப்போமாக!